நிரஞ்சியின் தூண்களும் ஒரு இடிமுழக்கமும்

எனக்கு எழுத்து ஓடாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒரு கடிதம் எழுதினாலும் நடுவிலே எங்கே விட்டேன் என்று மறந்துபோய், மேலே விசாரித்த சுகத்தையே கீழேயும் விசாரித்து வைப்பேன். இதிலும் முன்பின்னாக ஏதும் கிடந்தால் குறை நினைக்காமல் வாசியுங்கோ. ஊர்ச் சங்கத்து மலருக்கு, "அவுஸ்திரேலியா போய் வந்ததைப் பற்றி ரெண்டு பக்கம் தாங்கோ" என்று கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. எழுதுவது அதைவிட லேசு என்று அப்போது நினைத்துவிட்டேன்.

போனது ஊர் பார்க்க இல்லை. என் தங்கச்சி பூமணிக்கு முழங்காலில் ஒப்பரேசன். அவள் சிட்னியில் பென்டில் ஹில் என்கிற இடத்தில் இருக்கிறாள். புருசன் தவறிவிட்டார். ஒரே மகள் நிரஞ்சி, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை. பூமணிக்குச் சமைத்துப் போட ஒரு ஆள் வேணும் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

போய் இறங்கின அன்றே பூமணி சொன்னாள்: "அக்கா, இனிக் குசினி உங்கடை. நான் கதிரையிலை இருந்துகொண்டு அதிகாரம் பண்ணுறன்."

"அதை நீ சின்னனிலை இருந்தே பண்ணுறாய்," என்றேன். என் கூச்சமெல்லாம் அவளிடம் இல்லை.

அங்கே விடிகிற விதமே வேறு. வெள்ளைக் கிளிகள் கூட்டமாக வந்து, யாரோ கதவைப் பிடுங்குகிற மாதிரிக் கத்தும். பிறகு ஒரேயடியாக அமைதி. தெருவில் ஒரு மனிதர் இல்லை. மரங்களில் இருந்து தைலப் போத்தலைத் திறந்த மாதிரி ஒரு வாசம் வரும். நான் யன்னலடியில் தேத்தண்ணியோடு நிற்பேன். நித்திரை முழுதாகப் போகாத கண்ணுக்கு அந்தத் தெரு தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரித் தெரியும்.

கடைத்தெருவிலே எல்லாம் இருக்கிறது. அரிசிமா, ஒடியல், கருவாடு, மோர்மிளகாய். முருங்கைக்காயைத் துண்டு துண்டாக வெட்டி, பையிலே போட்டு, கல்லுப்போல உறைய வைத்து விற்கிறார்கள். ஒரு துண்டைக் கையில் எடுத்தேன், விரல் விறைத்துவிட்டது. முருங்கைக்காய் விரலைக் கடிக்கும் என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

நிரஞ்சி ஆறு வயதில் அங்கே போனவள். தமிழ் கதைப்பாள், ஆனால் அவசரம் என்றால் இங்கிலீசுக்குள் ஓடிவிடுவாள். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் என் கத்தரிக்காய்க் குழம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உப்புக் கூடிவிட்டதோ என்று நான் பயந்துபோனேன்.

"பெரியம்மா, இஞ்சை பாருங்கோ. எண்ணெய் வட்டம் வட்டமா நிக்குதெல்லோ? குழம்போடை சேராது. என்ரை ரெண்டு பிளாஸ்ரிக்கும் இப்பிடித்தான். உருக்கிக் கலந்தால் ஒண்டு மற்றதுக்குள்ளை உருண்டை உருண்டையா நிக்கும்."

"நிண்டால் நிக்கட்டன்."

"நிக்கக் கூடாது. மேலை ஒரு தகடு, கீழை ஒரு தகடு வைச்சுக் கரண்ட் குடுப்பன். ரெண்டு தகட்டுக்கும் நடுவிலை ஒரு இழுவை வரும். அதுக்குப் பேர் மின்புலம். அந்த இழுவையிலை உருண்டையள் நீண்டு நீண்டு, தூண் மாதிரி எழும்பி நிக்கும்."

"கரண்டை நிற்பாட்டினால்?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அதுதான் பெரியம்மா கேள்வி. உருகி இருக்கேக்கை நிற்பாட்டினால் தூண் உடைஞ்சு திரும்ப உருண்டையாப் போயிடும். அதுக்குத்தான் நான் நானோத் துகள் போடுறன். தூளுக்குள்ளை தூள், கண்ணுக்குத் தெரியாது. அது ரெண்டு பிளாஸ்ரிக்கும் முட்டுற எல்லையிலை போய் நெருக்கி நிண்டு, தூணைக் கலைய விடாமல் பிடிக்கும். நான் அப்பிடிச் சொல்லுறன். புரொபெசர் நம்பேல்லை."

தூண் நின்று என்ன பிரயோசனம் என்று கேட்டேன். பிறகு தூண்களை மட்டும் கழுவி எடுத்தால் அந்த இடமெல்லாம் நேரான துவாரமாக இருக்குமாம். தாள் மாதிரி மெல்லிசு. உப்புத் தண்ணியைக்கூட வடிக்கலாமாம்.

"வடிக்குதோ இல்லையோ," என்றாள் பூமணி கதிரையில் இருந்து, "வருசக் கடைசியோடை இவளின்ரை வேலை முடியுது அக்கா. படம் சரியா வராட்டில் இன்சூரன்ஸ் கந்தோரிலை போய் இருக்கப்போறாளாம்."

"அம்மா!" என்றாள் நிரஞ்சி. அதற்குப் பிறகு இங்கிலீசில் ஏதோ சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. ஆனால் பூமணி வாயை மூடினாள்.

அன்று படுக்கும்போது எனக்கு அந்தத் தூண்கள்தான் கண்ணுக்குள் நின்றன. ஒரு தாளின் தடிப்புக்குள்ளே ஆயிரங்கால் மண்டபம். அதற்குள் நான் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிற மாதிரி.

ஒரு சனிக்கிழமை பூமணியைப் பார்க்கக் கோயில் சிநேகிதிகள் வந்தார்கள். நிறையப் பேர் இருந்தால் நான் அறைக்குள் ஒளிந்துவிடுவேன் என்று நிரஞ்சிக்குத் தெரியும். "பெரியம்மா, என்னோடை லாபுக்கு வாங்கோ" என்று கூட்டிக்கொண்டு போனாள். லிட்கம் ஸ்ரேசனில் ரெயின் மாறினோம். அங்கே எல்லா நாட்டுச் சனமும் ஒன்றையொன்று இடியாமல் நடந்தது. பல்கலைக்கழகத்து வழியெல்லாம் ஊதாப்பூ கொட்டிக் கிடந்தது. மிதிக்க மனம் வரவில்லை. ஓரத்தாலே நடந்தேன்.

அவளுடைய அறை சின்னது. என் கண்ணாடிக்கு மேலே இன்னொரு கண்ணாடி மாட்டி, கதவடியில் ஒரு கதிரையில் இருத்தினாள். மேசையிலே ஒரு சூட்டு அடுப்பு, அதன்மேல் மூடி போட்ட கண்ணாடித் தகடுகள். பக்கத்திலே ஒரு பழைய பெட்டி. அதில் ஒரு குமிழும், ஒரு முள்ளும்.

"இதிலைதான் பெரியம்மா கடைசி நம்பிக்கை. துகள் சரியான அளவிலை போட்டிருக்கிறன். பின்னேரம் வரைக்கும் இழுவையிலை நிக்கோணும். பிறகு உறைய வைச்சு மெல்பேர்ணுக்குக் கொண்டுபோகோணும். அங்கை ஒரு பெரிய மெசின் இருக்கு, அது உள்ளுக்குப் படம் எடுக்கும். மூடிக்குள்ளை கை வைச்சிடாதேங்கோ, வோல்ட்டேஜ் கூட."

"நான் ஏன் வைக்கிறன்."

உறைய வைக்கிற திரவம் எடுக்க அவள் வேறு கட்டிடத்துக்குப் போனாள். போன கொஞ்ச நேரத்தில் யன்னல் கறுத்தது. அந்த ஊர் வானம் அப்படித்தான், பார்த்துக்கொண்டிருக்கவே முகம் மாறும். ஒரு மின்னல். பிறகு கட்டிடமே அதிர்கிற மாதிரி ஒரு இடி.

எங்கள் பக்கத்தில் இடி முழங்கினால் என்ன செய்வோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முதலிலே சுவிட்சு. பிறகுதான் கொடியில் காய்கிற உடுப்பு. அடுத்த வளவில் ரீவி வெடித்ததைக் கண்ணால் கண்டவள் நான். எழும்பிப் போய், அந்தப் பழைய பெட்டியின் வயர் போய்ச் சேர்கிற சுவரிலே சுவிட்சை நிற்பாட்டினேன். முள்ளு படுத்துவிட்டது. அடுப்பைத் தொடவில்லை. அடுப்பிலே ஏதோ கிடக்கிறது, இடிக்கு யாராவது அடுப்பை அணைப்பார்களா? கதிரையில் வந்திருந்து சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மழை கொட்டித் தீர்த்துவிட்டு விலகியது. நான் எழும்பிச் சுவிட்சைத் திரும்பப் போட்டேன். முள்ளு பழைய இடத்திலேயே வந்து நின்றது. நிரஞ்சி தலை ஈரத்தோடு ஓடி வந்தாள்.

"பயந்திட்டீங்களோ?"

"இல்லைப் பிள்ளை."

முள்ளைப் பார்த்தாள், திருப்தியாகத் தலையாட்டினாள். பின்னேரமும் ஆகிவிட்டதால், கொண்டு வந்த திரவத்தாலே அப்போதே உறைய வைத்தாள். நானும் சுவிட்சுக் கதையைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. வீட்டிலே இடிக்கு நிற்பாட்டிவிட்டுத் திரும்பப் போடுவதை யாருக்கு யார் சொல்லிக்கொண்டிருக்கிறோம்?

மெல்பேர்ணுக்கு என்னையும் கூட்டிப் போனாள். பூமணியை இரண்டு நாள் சிநேகிதி ஒருத்தி பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். ரெயினில் போனால் நாட்டைப் பார்க்கலாம் என்று நிரஞ்சிக்கு எண்ணம். பார்த்தோம், பாதி வழிக்குத்தான். ஒரு சின்ன ஸ்ரேசனில் தண்டவாளத்தில் வேலை நடக்குதாம் என்று எல்லோரையும் இறக்கி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். அங்கே யாரும் சத்தம் போடவில்லை. எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் இரண்டு பேர் தலைவராகியிருப்பார்கள்.

தூண்கள் இருந்த பெட்டியைத் துவாயால் சுற்றி என் மடியில் வைத்திருந்தேன். டிரைவர் திரும்பிப் பார்த்து என்னவோ கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் கூசிவிட்டது. நிரஞ்சி மெல்லச் சொன்னாள்: "பிள்ளை நித்திரையோ, ஏசியைக் குறைக்கட்டோ எண்டு கேக்கிறார்."

பக்கத்துச் சீற்றில் ஒரு வெள்ளைக்கார அம்மா, என் வயதுதான். நாங்கள் பாணும் சம்பலும் பிரித்தபோது மணத்துக்கு எட்டிப் பார்த்தா. ஒரு துண்டு நீட்டினேன். சாப்பிட்டா. கண்ணால் தண்ணி ஓடியது. "இது சாப்பாடா, தண்டனையா?" என்று கேட்டாவாம். கேட்டுவிட்டு இன்னொரு துண்டு எடுத்தா. பிறகு தன் பையில் இருந்து ஒரு பிளம்ஸ் பழத்தை என் கையில் வைத்தா. நாங்கள் இரண்டு பேரும் பாசை இல்லாமல் வெளியைப் பார்த்துக்கொண்டு போனோம்.

வெளியிலே ஒன்றும் இல்லை. புல்லு, ஆடு, புல்லு. வெயில் மஞ்சளாகச் சாய்ந்தது. தூரத்து மரங்கள் நிலத்தைத் தொடாமல் நிற்கிற மாதிரி இருந்தது. நான் நித்திரையா முழிப்பா என்று தெரியவில்லை. என் மடிக்குள்ளே ஆயிரங்கால் மண்டபம் மூச்சு விடாமல் நின்றுகொண்டிருந்தது. அதிலே ஒரு தூணை நான் தொட, அது சூடாக இருந்தது.

மெல்பேர்ணில் ஒரே நாளில் வெயிலும் குளிரும் மழையும் வந்து போகிறது. தெருவின் நடுவிலே ரெயில் மாதிரி ட்ராம் மணி அடித்துக்கொண்டு வருகிறது. காலையில் அந்த மெசின் இருக்கிற இடத்துக்குப் போனோம். வட்டமான கட்டிடம், கூரை போட்ட விளையாட்டு மைதானம் மாதிரி. உள்ளே ஒளியை ஓட வைத்து, அதனாலே படம் எடுக்கிறார்களாம். நிரஞ்சிக்கு அன்று பின்னேரம் வரைக்கும்தான் நேரம் கொடுத்திருந்தார்கள். அதற்கு மேல் வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

மெசினைப் பார்த்துக்கொள்கிறவர் செந்தில் என்று ஒரு தமிழர், மதுரைப் பக்கம். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும், தலையிலே பாதி நரை.

"வாங்க பாட்டி, உக்காருங்க. குளிருதா?"

பாட்டி என்றதும் எனக்குச் சுருக்கென்றது. உன் தலையை முதலிலே கண்ணாடியில் பார் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சிரித்துவிட்டு மூலையில் இருந்தேன்.

துகளும் போடாத, கரண்டும் கொடுக்காத துண்டை முதலில் படம் எடுத்தார்கள். திரையிலே சாம்பல் நிறத்தில் உருண்டைகள் மிதந்தன, முகிலுக்குள்ளே ஆலங்கட்டி மாதிரி. அது அப்படித்தான் இருக்கவேணுமாம். பிறகு துகள் குறைவாகப் போட்டது. கடைசியில் சனிக்கிழமைத் துண்டு.

படம் மெல்ல மெல்ல வந்தது. நிரஞ்சி திரைக்குக் கிட்டப் போனாள்.

"என்னங்க இது?" என்றார் செந்தில். "தூணுன்னும் சொல்ல முடியல, உருண்டைன்னும் சொல்ல முடியல."

எனக்குத் தெரிந்தது. முருங்கைக்காய். நீளமாகத்தான் நிற்கிறது, ஆனால் விதை இருக்கிற இடமெல்லாம் புடைத்து, நடுநடுவே ஒடுங்கி. அச்சு அசல்.

"மின்புலம் நடுவுல விட்டு விட்டு வந்துச்சா?"

"இல்லை செந்தில். நான் போகேக்கை முள்ளு எதிலை நிண்டதோ வரேக்கையும் அதிலைதான் நிண்டது." நிரஞ்சி திரையை விட்டு விலகினாள். "துகள் பிடிக்கேல்லை. கரண்ட் இருக்கேக்கையே தூண் கலையுது எண்டால் இனி என்ன கிடக்கு? மிச்ச நேரத்தை அடுத்த ஆக்களுக்குக் குடுத்திடுங்கோ. திங்கட்கிழமை புரொபெசரிட்டைச் சொல்லி இதை விட்டிடுறன்."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. யன்னல் கறுத்ததும், முள்ளு படுத்ததும், நான் கதிரையில் வந்திருந்ததும் ஒவ்வொன்றாக வந்து முன்னாலே நின்றன. சொல்லவேணும். ஆனால் பக்கத்திலே அந்நிய மனிதர். அந்தப் பெரிய மெசின். நான் மூலையிலேயே இருந்துவிட்டேன்.

சாப்பாட்டுக்கு ஒரு கன்ரீனுக்குப் போனோம். செந்தில் தன் பெண்சாதி கட்டிக் கொடுத்த தயிர்ச்சாதத்தை எனக்கும் பகிர்ந்தார். நிரஞ்சி ஒன்றும் தொடவில்லை. ரெலிபோனை எடுத்து, "அம்மாவுக்குச் சொல்லிவிடுறன், அந்த இன்சூரன்ஸ் வேலைக்கு ஓம் எண்டு" என்றாள்.

"பிள்ளை, பொறு," என்றேன். என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. பக்கத்து மேசையில் இருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். "அது உன்ரை துகளின்ரை பிழை இல்லை. சனிக்கிழமை இடி முழங்கினதெல்லோ. நான் சுவிட்சை நிற்பாட்டினனான்."

"என்ன?"

"இடிக்கு. பிறகு திரும்பப் போட்டுவிட்டன்."

நிரஞ்சி என்னையே பார்த்தாள். "அடுப்பையுமோ?"

"அடுப்பை ஆராவது இடிக்கு நிற்பாட்டுவினமோ?"

செந்தில் வாயில் வைத்த சாதத்தோடு சிரித்து, புரையேறி, தண்ணி குடித்தார். "எங்க அம்மாவும் இதேதான் பாட்டி. இடி இடிச்சா பிரிட்ஜையே புடுங்கிருவாங்க."

நிரஞ்சி சிரிக்கவில்லை. திட்டப்போகிறாள் என்று கையைப் பிசைந்துகொண்டு இருந்தேன். அவளுடைய கண் வேறு எங்கேயோ இருந்தது.

"எவ்வளவு நேரம் பெரியம்மா? யோசிச்சுச் சொல்லுங்கோ."

நான் மணிக்கூடு பார்க்கவில்லை. "ஒரு நீத்துப்பெட்டிப் பிட்டு அவியிற நேரம் இருக்கும்."

"அது எவ்ளோ நேரங்க?" என்றார் செந்தில்.

"அவ்வளவு நேரம் உருகினபடி, இழுவை இல்லாமல் நிண்டிருக்கு," என்றாள் நிரஞ்சி தனக்குத்தானே. "அவ்வளவு நேரம் நிண்டால் எல்லாம் உருண்டையாப் போயிருக்கோணும். போகேல்லை." கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். "செந்தில், நேரத்தை அடுத்த ஆக்களுக்குக் குடுத்திட்டீங்களோ?"

"இன்னும் இல்ல. பாட்டி சாப்பிடட்டும்னு இருந்தேன்."

அந்தப் பின்னேரம் முழுதும் அவர்கள் முருங்கைக்காயின் ஒடுங்கின இடங்களையே கிட்டக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். ஒவ்வொரு ஒடுக்கத்தைச் சுற்றியும் மை தீட்டினது மாதிரி ஒரு கறுப்புக் கரை. அதுதான் துகளாம். தூண் உடையத் தொடங்கியிருக்கிறது. துகள்கள் அந்த இடத்தில் நெருக்கி நின்று, உடைய விடாமல் பாதி வழியில் பிடித்துவிட்டன. நிரஞ்சி விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். திரும்பும்போது ட்ராமிலே என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். எங்கள் தரிப்பிடம் கடந்து போனது. நான் எழுப்பவில்லை. எனக்கும் இறங்க மனம் இல்லை. மழைக் கண்ணாடியில் ஊர் முழுதும் விளக்காகக் கரைந்து ஓடியது.

பென்டில் ஹில்லுக்கு வந்த அடுத்த நாள் குசினியில் என்னை நீத்துப்பெட்டியிலே, அந்த ஓலைக் கூம்பிலே, பிட்டு அவிக்கச் சொன்னாள். ரெலிபோனிலே நேரத்தை ஓட விட்டுப் பக்கத்தில் நின்றாள். பூமணி கதிரையில் இருந்து, "பல்கலைக்கழகத்திலை இதுக்கோ சம்பளம் தாறாங்கள்?" என்று கேட்டாள். ஆவி வந்து, பிட்டு அவிந்து, நான் "ஓம், இப்ப" என்றதும் நிரஞ்சி ரெலிபோனை அமத்தினாள். பிறகு சூட்டோடு சீனியும் வாழைப்பழமும் போட்டுச் சாப்பிட்டாள். மெல்பேர்ணில் அந்தப் படம் பார்த்த பிறகு அவள் நல்லாய்ச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

அதே அளவு துகள், அதே இழுவை, நடுவிலே ஒரு பிட்டு நேரம் சுவிட்சு நிற்பாட்டல். புதிதாக ஒரு துண்டு செய்து தபாலில் அனுப்பினாள். செந்தில் தனக்கு ஒதுக்கின நேரத்தில் இடையிலே புகுத்திப் படம் எடுத்துக் கொடுத்தார். நான் ஊருக்கு வந்த பிறகு அந்தப் படம் என் ரெலிபோனுக்கு வந்தது. திரும்பவும் முருங்கைக்காய். புரொபெசர் பார்த்துவிட்டு, கட்டுரையாக எழுதி அனுப்பு என்று சொன்னாராம். வேலை நீளுமா என்று இன்னும் பதில் இல்லை. ஆனால் இன்சூரன்ஸ் கந்தோருக்கு மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"கட்டுரையிலை உங்கடை பேரைப் போடட்டோ பெரியம்மா?" என்று கேட்டாள். ஐயோ வேண்டாம் என்றேன்.

இதிலே மின்புலம், துகள், மெசின் என்று நான் எழுதினதெல்லாம் சரியோ என்று எனக்குத் தெரியாது. எங்கள் சங்கத்திலே படித்த பிள்ளைகள் யாராவது ஒருக்கால் சரி பார்த்துத் திருத்திவிடுங்கோ. ஸ்ரேசன் பெயர்களும் பிழைத்திருக்கலாம். இன்னுமொன்று. நிரஞ்சி தன் கட்டுரையில் அந்தச் சனிக்கிழமையைப் பற்றி, "மின்சாரம் சிறிது நேரம் தடைப்பட்டது" என்று இங்கிலீசில் எழுதியிருக்கிறாளாம். அதையும் யாராவது பார்த்து அவளுக்குச் சொல்லுங்கோ. அது தானாகத் தடைப்படவில்லை. இடி முழங்கினது, நான்தான் நிற்பாட்டினேன்.